அந்த அழுத்தம் இல்லை, அப்பா

பிப்ரவரி 6

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

மருந்து எழுதிக் கொடுக்காத டாக்டர்தான், இருந்தாலும் மரியாதை மரியாதைதானே. உன் அப்பன் எழுதிக்கொள்வது. கடிதம் என்றதும் பயந்துவிடாதே. நான் கடைசியாகப் பேனா பிடித்தது ஒரு சண்டைக்காரப் பக்கத்து வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத. மன்னிப்புக்கு எந்த 'ன' என்று அவரிடமே போய்க் கேட்டேன். சிரித்துவிட்டார், கடிதம் தேவைப்படவில்லை.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுப் போன் யார் கையில் என்று உனக்கே தெரியும். நான் பேச ஆரம்பித்தால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வசனம் எடுத்துக் கொடுப்பாள். அதனால் டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீயும் பதிலை ஸ்கூல் விலாசத்துக்கே போடு.

விஷயம் இதுதான். என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள ஒருவர் வருகிறார். நல்ல மனுஷர், கிளட்ச் மட்டும்தான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. அவர் சம்சாரத்துக்குக் கேன்சர். உன் அம்மா மாதிரியே போன வருஷம் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்களாம். இப்போது திரும்ப வந்திருக்கிறதாம். மனுஷர் மூன்றாவது கியரில் போய்க்கொண்டே அழுகிறார். ஆறுதலுக்கு, "என் பொண்ணு இதைத்தான் ஆராய்ச்சி பண்றா" என்று வாயை விட்டுவிட்டேன். "அப்படியா, என்ன ஆராய்ச்சி மாஸ்டர்?" என்றார். "பெரிய ஆராய்ச்சி" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.

ஆகவே, பத்தாம் வகுப்பை இரண்டு தவணையாகப் படித்த உன் அப்பனுக்குப் புரிகிற மாதிரி, நீ என்னதான் செய்கிறாய் என்று தமிழில் எழுது. இந்தக் கேன்சர் எதனால் திரும்ப வளர்கிறது, எது வளரவிடாது, அதையும் எழுது. அந்த மனுஷருக்காகத்தான்.

அம்மா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் சளி.

அப்பா


பிப்ரவரி 14

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அறைத்தோழிதான் கொண்டுவந்தாள். "யாருடி இந்தக் காலத்துல லெட்டர் போடறது? லவ்வா?" என்றாள். எங்கப்பா என்றேன். "அப்போ கண்டிப்பா லவ்தான்" என்றாள். ரொம்ப நேரம் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து, வளைவில் திரும்பும் வண்டி மாதிரி இருக்கிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். ஒரு செல்லை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முள் கீழே இறங்கினால் நல்ல டிரைவர் என்ன செய்வார்? ஏசியை அணைப்பார், வேகத்தைக் குறைப்பார், எப்படியாவது பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். செல்லுக்குள் இந்த வேலைக்கென்றே ஒரு நொதி இருக்கிறது, என்சைம். செல்லுக்கு அழுத்தம் வந்தால் அது விழித்துக்கொள்ளும். வேண்டாத வேலைகளை நிறுத்தும், இருப்பதை வைத்துச் செல்லைச் சாகாமல் காப்பாற்றும். அழுத்தம் தீர்ந்ததும் அடங்கிவிடும். லேபில் நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் காவல்காரன்.

நல்லவன்தான் அப்பா. கட்டி உருவாகாமல் ஆரம்பத்தில் தடுப்பதில்கூட அவனுக்குப் பங்கு உண்டு. ஆனால் கட்டி என்று ஒன்று வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. கட்டியின் நடுவில் காற்றும் இல்லை, சாப்பாடும் இல்லை, மேலே மருந்து வேறு. செத்துப்போக வேண்டிய செல். அப்போது காவல்காரன் எழுந்து அதையும் காப்பாற்றிவிடுகிறான். யாருக்குக் காவல் என்று அவன் பார்ப்பதில்லை. எந்த வீட்டில் இருக்கிறானோ அந்த வீட்டுக்குக் காவல். திருடன் வீடாக இருந்தாலும்.

கிண்ணத்தில் வளரும் கேன்சர் செல்களில் அவனைத் தூங்கவைத்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. கிண்ணத்தில்தான், மனுஷர்களுக்கு இல்லை. அதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது. உங்கள் கிளட்ச் நண்பருக்கு ஆசை காட்டிவிடாதீர்கள்.

சுருக்கமாக அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அழுத்தம் வந்தால் நொதி விழிக்கும், நொதி விழித்தால் கட்டி பிழைக்கும்.

ஆமாம், அம்மாவுக்கு இந்த மாதம் ஸ்கேன் எடுக்க வேண்டுமே, எடுத்தாயிற்றா? போனில் உடம்பு எப்படி என்றால் "எல்லாம் உங்கப்பா பாத்துக்கறாரு" என்கிறாள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 20

என் கண்ணுக்கு,

அந்தக் கிளட்ச் நண்பர் நான்தான்.

இப்படி எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். நீயும் வேண்டுமானால் ஒன்று குடித்துவிட்டு வா.

ஸ்கேன் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வாங்க அன்றைக்கு நான் மட்டும் போனேன், அவளுக்குச் சளி. டாக்டர், "வீட்டம்மா வரலியா?" என்றார். நான் ஏதோ சொன்னேன். நுரையீரலில் சின்னதாக வந்திருக்கிறதாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

பக்குவமாகச் சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்ததில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குள் நுழைகிறேன், உன் அம்மா கையில் கரண்டியோடு வந்து, "என்ன சொன்னாங்க?" என்றாள். "சுத்தமா இருக்காம்" என்றேன். நான் சொல்லவில்லை, என் வாய் சொல்லிவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அதை எப்படியம்மா திருப்பி வாங்குவது?

இரண்டு வாரமாகத் தவித்தேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. கடைசி வரியைப் படித்ததும் எனக்கு வழி திறந்தது. அழுத்தம் வந்தால் அந்தப் பயல் விழிப்பான், விழித்தால் கட்டி பிழைக்கும். அதாவது, திரும்ப வந்திருக்கிறது என்று சொன்னால் இடிந்துபோவாள், இடிந்துபோனால் கட்டி வளரும். ஆக, சொல்லாமல் இருப்பதுதான் மருந்து. என் கோழைத்தனத்துக்கு விஞ்ஞானமே சர்டிபிகேட் கொடுத்தால் நான் என்ன செய்ய?

வீட்டில் அழுத்தமே இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன். டிவியில் செய்தி வராமல் செய்துவிட்டேன், கேபிள்காரன்மேல் பழி. மாடி வீட்டுக்காரர் சோபாவை இழுக்கும் சத்தம் அவளுக்கு ஆகாது. நானே போய் அந்தச் சோபாவின் காலுக்கெல்லாம் ரப்பர் மாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உன் அம்மாவோ, நம் வாசலில் நிற்கும் பழைய ஸ்கூல் வண்டியைக் காட்டி, "ஊருக்கெல்லாம் கத்துக் குடுக்கறீங்க, கட்டினவளுக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் தர மாட்டேங்கறீங்க" என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இத்தனை வருஷம் சோம்பேறித்தனத்தால் தட்டிக் கழித்தேன், இப்போது காரணத்தோடு தட்டிக் கழிக்கிறேன். ஸ்டியரிங் பிடித்தால் அழுத்தம்தானே?

மாத்திரையைக் கால்சியம் பாட்டிலில் மாற்றிவைத்திருக்கிறேன். எலும்புக்கு நல்லது என்று நானே எடுத்துக் கொடுக்கிறேன். எங்கள் தொழிலில் பக்கத்து சீட்டுக்காரன் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமில்லையா? புதிதாக ஓட்டுகிறவர் தடுமாறினால் நாங்கள் மெதுவாக ஒரு அழுத்து அழுத்துவோம். அவர் வண்டி தானாக நின்றது என்று நினைத்துக்கொள்வார். அவருக்கும் மானம் போகாது, வண்டிக்கும் அடிபடாது. இதுவும் அப்படித்தான்.

நீ வாயைத் திறக்கக் கூடாது. என்மேல் சத்தியம்.

அப்பா


மார்ச் 1

அப்பா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும், ஏனென்றால் அது என் தப்பு. நான் எழுதியது அந்த அழுத்தம் இல்லை, அப்பா. மனசில் வரும் அழுத்தம் இல்லை. கவலை, பயம், டென்ஷன் எதுவும் இல்லை. செல்லுக்குக் காற்று கிடைக்காமல், சாப்பாடு கிடைக்காமல் போவதைத்தான் அழுத்தம் என்று எழுதினேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போய்விட்டது. கட்டிக்கு நடுவில் கிடந்து மூச்சுத் திணறும் ஒரு செல்லுக்கு, மாடியில் சோபா இழுப்பது கேட்காது. அம்மாவிடம் உண்மையைச் சொன்னதால் இந்த நொதி எழுந்து கட்டியை வளர்க்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் வரியை அதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, அந்த மாத்திரை விளையாட்டு இல்லை. வாயில் புண் வரலாம், உள்ளங்கையில் எரிச்சல் வரலாம். எது வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று சாப்பிடுகிறவளுக்குத்தானே தெரிய வேண்டும்?

மூன்றாவது, எனக்கும் பயமாக இருக்கிறது. நேற்று போனில் அம்மா, "நான்தான் சுத்தமாயிட்டேனே, நீ எதுக்குடி குரலை இழுக்கற?" என்று கேட்டாள். நான் சளி என்றேன். நம் குடும்பத்தில் எல்லாப் பொய்க்கும் சளிதான்.

இந்த மாதம் பாதி ஆவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

மகள்


மார்ச் 12

என் கண்ணுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த பிறகு. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, மாத்திரையை ஒழுங்கா எடுத்துக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான். நான்தான் அழுதேன், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ சொல்லிவிடச் சொன்னது சரி. உன் அம்மா நம் இரண்டு பேரையும்விடக் கெட்டிக்காரி.

ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். "பொண்ணுகிட்ட இதைப் பத்திப் பேச எனக்குத் தெம்பில்ல. அவ குரலைக் கேட்டா உடைஞ்சு போயிடுவேன். போன்ல அவ இதை எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். அதனால் நீ எப்போதும்போல, என்ன சமையல், என்ன துணி வாங்கினாய் என்று பேசு. நேரம் வரும்போது அவளே எடுப்பாள்.

இப்போதுதான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. இன்றைக்கு ஒருவர் தேர்வில் பாஸாகி, சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்து ஆபீஸ் பூந்தொட்டியை உடைத்துவிட்டார்.

அப்பா


ஏப்ரல் 18

அப்பா,

அம்மா என் அறையில் இருக்கிறாள். பஸ் பிடித்து வந்துவிட்டாள். இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். அவளுக்கு உண்மை எப்படித் தெரிந்தது என்பதை நான்தான் எழுத வேண்டும், அவள் எழுத மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் சொன்னபடி சமையல், துணி. பேச்சு வாக்கில் அம்மா சொன்னாள்: "உங்கப்பா குடுக்கற கால்சியம் எனக்கு ஒத்துக்கவே இல்லடி. வாயெல்லாம் புண்ணு. வேண்டாம்னா அவரு முகம் வாடிப் போயிடும். அதனால வாங்கி உள்ளங்கையில மறைச்சுக்கிட்டுத் தண்ணியை மட்டும் குடிச்சுடறது. அப்புறம் வாஷ்பேசின். போன மாசத்துலேருந்து இதான் நடக்குது. மனுஷன் கண்டுபிடிக்கவே இல்ல!" என்று சிரித்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும், நோயைப் பெயர் சொல்லப் பிடிக்காமல்தான் கால்சியம் என்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன் என்று எழுதினீர்களே. நான் அலறிவிட்டேன். "அம்மா, என்னம்மா பண்ணி வெச்சிருக்க? அது கேன்சர் மாத்திரைம்மா!"

அந்தப் பக்கம் டிவி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அம்மா மெதுவாகக் கேட்டாள்:

"யாருக்கு?"

அப்பா, அந்த ஒரு சொல்லை நான் சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன். என் அம்மாவுக்கு அவள் நோயை நான் இப்படியா சொல்லியிருக்க வேண்டும்? போனில், அதட்டி, திட்டி?

ஜன்னலைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் என்றெல்லாம் எழுதினீர்களே. அந்தத் தண்ணீரைப் படித்துவிட்டு நான் இங்கே அழுதேன். அதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதினீர்களா, அப்பா?

இன்னொன்றும் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ரிப்போர்ட் வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்ததாம். நீங்கள், "நம்ம பொண்ணுக்கே அனுப்பினேன், அவளே பாத்து சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டா" என்றீர்களாம். அதற்குப் பிறகுதான் முழுசாக நம்பினாளாம். இங்கே வந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "நீயும் கூட்டுதானா?" நான் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் கூட்டாக இருந்திருக்கிறேன்.

நான் நாளெல்லாம் அந்தக் காவல்காரனைக் கிண்ணத்தில் பார்க்கிறேன். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தான் நல்லது செய்வதாகத்தான் அவன் ஓடி ஓடி வேலை செய்கிறான். நீங்கள் ஓடி ஓடிக் காப்பாற்றியது அம்மாவை இல்லை, அப்பா. அவளுக்குள் இருப்பதைத்தான் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இங்கே வராதீர்கள். அவள் சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.


ஏப்ரல் 25

மகளுக்கு,

நீ ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். பேச வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். பேசாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் இங்கே சிரித்துக்கொண்டிருப்பாள். மாத்திரையை நான் எப்படியாவது கண்டுபிடித்துச் சரி செய்திருப்பேன். பெற்ற அப்பனை இப்படிக் காட்டிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

மேலே உள்ள வரிகளை நேற்று எழுதினேன். இன்று படித்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. கிழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், நேற்று நான் அப்படித்தான் இருந்தேன்.

அன்றைக்கு ஸ்கூலிலிருந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது, சாவி மாடி வீட்டுக்காரரிடம். அவர் முகத்தைப் பார்க்காமலே, "அம்மா குடுத்துட்டுப் போனாங்க" என்றார். பிறகு, "சோபா சத்தம் இப்பல்லாம் வர்றதே இல்லையேன்னு கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர்தான் ரப்பர் மாட்டிட்டுப் போனாருன்னு சொன்னேன், அதுக்கு எதுக்கு அழுதாங்க?" என்றார். உள்ளே ஒரு சீட்டு இல்லை, ஒரு குறிப்பு இல்லை. அலமாரியில் அவள் துணி பாதி இல்லை. மறுநாள் வாசலில் நிற்கிற பழைய வண்டியின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. திறந்தால், என் பக்கத்து பிரேக் பெடலுக்குக் கீழே அந்தக் கால்சியம் பாட்டிலைச் செருகிவைத்திருக்கிறாள். பெடலை அழுத்தினால் அது இறங்கவே இறங்காது.

இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. அதெல்லாம் ஒன்றுமே இல்லை இதற்கு முன்னால்.

அவளும்தான் என்னை ஏமாற்றியிருக்கிறாள். நித்தமும் "போட்டுட்டேன்" என்று நாக்கை நீட்டிக் காட்டுவாள், குழந்தை மாதிரி. என் முகம் வாடக் கூடாது என்று அவள் மறைத்திருக்கிறாள், அவள் முகம் வாடக் கூடாது என்று நான் ஊட்டியிருக்கிறேன். இந்த வீட்டில் உண்மை தெரிந்தது அந்த வாஷ்பேசினுக்கு மட்டும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பதில் போடு. திட்டிக்கொண்டாவது போடு. வளர்ந்திருக்கிறதா? என்னாலா?

அப்பா


மே 9

அப்பா,

வளர்ந்திருக்கிறது. இங்கே புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். உங்களாலா என்ற கேள்வியை டாக்டரிடம் அம்மாவே கேட்டாள். "மாத்திரையை ஒழுங்கா போட்டிருந்தா இது வளர்ந்திருக்காதா?" டாக்டர், "சொல்ல முடியாதும்மா" என்றார். அதில் நீங்கள் ஆறுதல் தேடாதீர்கள். சொல்ல முடியாது என்றால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இனி அந்த மாத்திரை வேண்டாம் என்று ஊசி வழியாக மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். தெம்பாக இருக்கிற நாளும் உண்டு, எழவே முடியாத நாளும் உண்டு. கேள்வியெல்லாம் அவள்தான் கேட்கிறாள். டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னால், "இங்க பாத்துச் சொல்லுங்க, நோய் இந்தப் பக்கம் இருக்கு" என்கிறாள்.

ஒருநாள் என் ஆராய்ச்சியைக் கேட்டாள். உங்களுக்கு எழுதியதையே சொன்னேன், இந்த முறை 'அழுத்தம்' என்ற சொல்லே வராமல். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் காவல்காரன் வெளியிலேருந்து வந்தவன் இல்ல, என் உடம்புல இருக்கிறவன்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். "என் வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு" என்றாள். அவளும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

உங்கள்மேல் எதற்குக் கோபம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நோயை மறைத்ததற்குக்கூட இல்லையாம். "அந்தப் பயம் என்னுதுடி. அதை அவரு எப்படி எடுத்து வெச்சுக்கலாம்? ரெண்டு மாசம் நான் யாரோ ஒருத்தியோட வாழ்க்கையை வாழ்ந்திருக்கேன். என்னைப் பாத்து மனசுக்குள்ள பரிதாபப்பட்டுக்கிட்டே என்கூட உக்காந்து டீ குடிச்சிருக்காரு."

அடுத்த தெருவில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. என்னிடம் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். சொல்லிக் கொடுப்பது ஒரு பெண்மணி. முதல் நாள் முகமெல்லாம் பூரித்து வந்தாள். "நான் மிதிச்ச உடனே வண்டி என்ன அழகா நிக்குது தெரியுமா!" என்றாள். மறுநாள் வந்தவள் பையை வீசிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்துச் சொன்னாள்: "நான் நிறுத்தலடி. பக்கத்துல ஒரு கால் இருந்திருக்கு."

இன்று காலை அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது இது. ஒரு சொல்கூட நான் மாற்றவில்லை:

"அந்தப் பழைய வண்டியை எடுத்துக்கிட்டு உங்கப்பாவை வரச் சொல்லு. பக்கத்து பிரேக்கைக் கழட்டிட்டு வரணும். கழட்டாம வந்தா வாசலோட திரும்பிப் போயிடட்டும். வந்ததால மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்க வேண்டாம். எனக்கு வண்டி ஓட்டணும், அதுக்கு ஆள் வேணும்."

என் கோபம் வேறு, அம்மாவின் கோபம் வேறு. இது அவள் அழைப்பு.


மே 26

மகளுக்கு,

வந்துவிட்டுத் திரும்பினேன். நீ அன்றைக்கு லேபில் இருந்தாய், அல்லது லேபில் இருப்பதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னாய். எதுவென்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதியைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்திருக்கிறேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். நடந்ததை மட்டும்.

பிரேக்கைக் கழற்றிய மெக்கானிக், "மாஸ்டர், இது இல்லாம பக்கத்துல உக்காந்தா நீங்களும் வெறும் பேசஞ்சர்தான்" என்றான். "இனிமே அதான் வேலை" என்றேன். புரியாமல் தலையாட்டினான். ஓட்டை தெரியாமல் இருக்க அந்த இடத்தில் ஒரு மிதியடி போட்டுக் கொடுத்தான்.

உன் அறை வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்கி வந்தாள். இளைத்திருக்கிறாள், தலையில் துணி கட்டியிருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்துக் கதவைத் திறந்தாள், குனிந்து மிதியடியைத் தூக்கிப் பார்த்தாள். கையை விட்டுத் துழாவியும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சுற்றி வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினாள். என் பேச்சை நம்பாமல் கையால் தடவிப் பார்க்கிற நிலைக்கு அவளைக் கொண்டுவந்திருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"எப்படி இருக்கே?" என்றேன். "கண்ணாடியை எப்படித் திருப்பணும் மாஸ்டர்?" என்றாள்.

மாஸ்டராம். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. சரி, சம்பாதித்துக்கொண்டதுதானே என்று கண்ணாடியைத் திருப்பக் காட்டினேன். கிளட்ச் நன்றாக வருகிறது அவளுக்கு. கிளட்ச் நண்பர் என்று உனக்கு ஒரு கதை எழுதினேனே, அவர் இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

ஆள் இல்லாத தெருக்களில் இரண்டு சுற்றுப் போனோம். பிறகு என்னைக் கேட்காமலே பெரிய ரோட்டுக்குத் திருப்பினாள். எதிரே ஒரு லாரி. நல்ல இடைவெளி இருந்தது, இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. என் கால் தானாகப் போய் மிதியடியை அழுத்தியது. இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அழுத்தினேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. வண்டி அதுபாட்டுக்குப் போகிறது. லாரியும் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

உன் அம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

"அழுத்துங்க, நல்லா அழுத்துங்க" என்றாள். "அங்க ஒண்ணும் இல்ல."

சிரிக்கவில்லை. வண்டியையும் நிறுத்தவில்லை.

அப்பா